பம்பரில் உரியாத வெள்ளை

எங்கள் வானின் கூரையில் வந்த முதற் கொப்புளத்தை நான்தான் கண்டேன். அப்பா பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வெள்ளை வான் அது. சில வருடங்களுக்கு முன் வாகன ஏஜென்ட் கொம்பனியின் மட்டக்களப்புக் கிளையில், மாதத் தவணை கட்டும் லீசிங்கில் புத்தம் புதிதாக எடுத்தது. மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் ஏணியில் நின்று கூரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். துணிக்கு அடியில் ஏதோ நெகிழ்ந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் ஒரே தாளாகக் கழன்று வந்தது. அடியில் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. தொட்டால் சுண்ணாம்புத் தூள்போல விரலில் ஒட்டியது.

குடிநீர்த் தாங்கிகளைப் பரிசோதிக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். இரும்பில் பூச்சு எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது என்று பார்ப்பதே என் வேலையில் பாதி. வெயிலில் தேய்ந்த பெயின்ட் மங்கும், வெடிக்கும். இப்படித் தாளாகக் கழன்றால் அடியில் ஏதோ கைவிட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஏணியில் நின்றபடி முடிவுக்கு வருவது என் வழக்கமல்ல. கழன்ற துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தேன்.

சித்திரை வருவதற்குள் கூரை பாதி உரிந்துவிட்டது. பொனட்டிலும் தொடங்கியது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

"தேமல் வான் வருதுடா, சாயாத, ஒட்டிரும்."

அப்பா முதலில் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒரு தாய் தன் பிள்ளைகள் இருவரையும் வேறு வானுக்கு மாற்றினாள். காரணம் எதுவும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவர் வானைப் பாடசாலை வாசலில் நிறுத்தவில்லை. மதில் திரும்பும் மூலையில், வாகை மரத்துக்கு அப்பால் நிறுத்தினார். சின்னப் பிள்ளைகள் பைகளைச் சுமந்துகொண்டு அங்கிருந்து நடந்தார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் ஒருநாள் அதைக் கண்டேன். கண்டதும் மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல் நேரே கொம்பனிக் கிளைக்குப் போனேன். அடுத்த மாரி வருவதற்குள் இரும்புப் பகுதி முழுவதையும் அவர்களே திருத்தித் தரவேண்டும். இல்லையென்றால் அந்தச் சாம்பல் பூச்சு மழையில் நிற்காது, கூரை துருப்பிடிக்கும். பிறகு வானும் இல்லை, அப்பாவின் தொழிலும் இல்லை.

கிளையில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையானவர்.

"வொரண்டி முடிஞ்சி போச்சே மிஸ்."

"முடிஞ்சதுதான். ஆனா பிழை முடிஞ்சாப்பிறகு வந்ததில்ல. செய்யக்கையே இருந்தது. ஒருக்கா வந்து பாருங்க."

வருவதாகச் சொன்னார். சொன்னபடியே வந்தார். அன்றைக்கென்று நான் வெல்லாவெளியில் ஒரு தாங்கியின் மேல் நின்றேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அப்பா நல்ல மகிழ்ச்சியில் இருந்தார். "நல்ல தம்பி மகள். செருப்பக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தாரு. தேத்தண்ணி குடிச்சாரு. எல்லாம் வடிவாப் பாத்துத்துப் போறாரு."

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. உரிவுக்குக் காரணம் வாகனத்தைப் பேணிய முறை. உரிமையாளரே அதை ஒப்புக்கொண்டுள்ளார். ஆகவே கொம்பனிக்குப் பொறுப்பில்லை.

நான் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். விடயம் மெல்ல வெளியே வந்தது. அப்பா நண்பகலில் வானை மூடிவைப்பது படங்கினால். அறுவடைக் காலத்தில் வயல் வட்டையில் விரித்து நெல் காயப்போடும் அதே படங்குதான். நெற்சுணையும் தூசும் அதில் எப்போதும் இருக்கும். வந்தவர் அதைக் கண்டிருக்கிறார். "இதப் போட்டு மூடினதாலதான் ஐயா பெயின்ட் போயிரிக்கு" என்றிருக்கிறார். அப்பா "ஓம் தம்பி, என்ர பிழைதான்" என்றிருக்கிறார்.

"ஏனப்பா ஓம் எண்டீங்க?"

"வீட்ட வந்த மனிசன் மகள். தேத்தண்ணிக் கோப்பையக் கையில வச்சிட்டு இரிக்காரு. இல்ல, நீ பிழை எண்டு எப்பிடி முகத்துக்கு நேர சொல்ற?"

"அவரு அதத்தான் எழுதிக் குடுத்திரிக்காரு."

அப்பா மடித்துக் கிடந்த படங்கைத் தொட்டுப் பார்த்தார். "மறுகா, படங்காலதானோ தெரியாது" என்றார். அதுதான் எனக்குப் பெரிய சிக்கலாகப் பட்டது. மரியாதைக்குச் சொன்ன சொல்லை அவர் தானே நம்பத் தொடங்கியிருந்தார்.

சந்தேகப்பட வேண்டியவை மூன்று: வெயில், வீட்டுக்குப் பக்கத்து வாவியின் உப்புக்காற்று, படங்கு. ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். வீட்டில் இருந்து அதைச் செய்ய முடியாது. வாவிக்கரையில் நின்ற, படங்கு மூடிய ஒரு வானைத் தவிர வேறொன்றும் என்னிடம் இல்லை.

வழி வைகாசியில் கிடைத்தது. எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்கு தொடங்கி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும். கடைசி நாள் காலையில் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் சனம் பொங்கல் பானைகளோடு வந்து இறங்கும். கோயிலுக்குப் பக்கத்து வெட்டைவெளி முழுவதும் வாகனங்கள். கும்பிட்டுவிட்டு, திருநீறு காய முன்னரே, அந்த வரிசைகளுக்குள் நடக்கத் தொடங்கினேன். எங்கள் வானின் அதே மாதிரி, அதே வெள்ளை. அவற்றை மட்டும் தேடினேன். சில, புதிதுபோல இருந்தன. சிலவற்றின் பொனட்டில் எங்களுடையதைப் போலவே சாம்பல் நிறத் திட்டுக்கள்.

ஒரு வானின் கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன புள்ள, விலைக்குக் கேக்கப் போறியா? தோலோட தாறதா, உரிச்சுத் தாறதா?"

கிரானிலிருந்து உறவினரை ஏற்றிக்கொண்டு வந்த வேளாண்மைக்காரர். வானுக்குச் சொந்தக்காரர் அவர்தான். நான் விடயத்தைச் சொன்னேன். எங்கே நிறுத்துவீர்கள், எதனால் மூடுவீர்கள் என்று கேட்டேன்.

"மூடுறதா? நெல்லு அடுக்கிற கொட்டிலுக்குள்ள நிண்டுது. இப்பதான் வெளிய விட்டிரிக்கன். உப்புக்காத்து எண்டு கொம்பனியில எனக்கும் சொன்னாக. என்ர வான் வாவியக் கண்டதே இண்டைக்குத்தான்."

படங்கும் உப்பும் அந்த இடத்திலேயே பாதி கழிந்தன. ஆனால் பாதி போதாது. அவர் பேசிக்கொண்டே இருக்க, என் கண் அவருடைய வானின் முகப்பில் நின்றது. பொனட் உரிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, பம்பரில், ஒரு கொப்புளம்கூட எழும்பாமல் வெள்ளை அப்படியே இருந்தது. எங்கள் வானிலும் அப்படித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்காக உரிந்த இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உரியாத இடத்தைப் பார்க்கவில்லை.

பம்பர் பிளாஸ்டிக். அதற்கு இரும்புக்குப் பூசும் அந்தச் சாம்பல் அடிப்பூச்சு கிடையாது. ஆனால் அதே வெயில் அதற்கும் உண்டு, அதே காற்று உண்டு. எங்கள் வீட்டில் அதே படங்கு பம்பரையும் மூடித்தான் தொங்குகிறது. படங்கு பிழை என்றால் பம்பரும் அல்லவா உரிந்திருக்க வேண்டும்? பிழை அந்தச் சாம்பல் அடிப்பூச்சில்தான்.

வீட்டுக்கு வந்ததும், அதை அப்பாவுக்குக் காட்ட, எங்கள் வானுக்கு முன்னால் குந்தி இருக்கச் சொன்னேன். அவர் பம்பரைக் கையால் தடவினார். பிறகு பொனட்டை. மறுபடி பம்பரை.

"அப்ப நான் இல்ல" என்றார்.

"நீங்க இல்ல அப்பா. ஆனா அத நான் சொல்லிச் சரிவராது. ஓம் எண்டவரே இல்ல எண்டு சொல்லணும்."

கிளைக்கு நேரம் கேட்டுப் போனோம். கிரான்காரரும் தன் வானைக் கொண்டுவந்து எங்களுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் பையில் பிளேடும் ஒட்டுநாடாவும் கொண்டுபோயிருந்தேன். உத்தியோகத்தர் வெளியே வந்தார். எதையும் விளக்க முன்னர் அவற்றை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே செய்ங்க சேர். சின்னதாக் குறுக்குக் கீறல் போட்டு, நாடாவ ஒட்டி இழுங்க. முதல்ல பம்பர்."

பம்பரில் நாடா வெறுமையாக வந்தது. பொனட்டில் உரியாமல் இருந்த ஓரத்தில் ஒட்டி இழுத்தார். வெள்ளை முழுவதும் நாடாவோடு வந்துவிட்டது. கிரான்காரரின் வானிலும் அதே கதைதான்.

"அடுத்தது கதவையும் பாருங்க, தம்பி. விட்டா ஆளையும் உரிச்சிருவீங்க போல" என்றார் கிரான்காரர். உத்தியோகத்தருக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. "மிஸ் சொல்றது விளங்குது. ஆனா கொழும்புக்கு அனுப்பின அறிக்கையில ஐயா ஒத்துக்கொண்டதா இரிக்கு. அத வச்சிட்டு நான் திரும்ப எழுத ஏலாது." பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, அண்டைக்கு நீங்களேதானே சொன்னீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுப்போகும் என்று தெரியும். அப்பா மடியில் இருந்த கையைப் பார்த்தார். தன்னைவிட இளைய ஒருவரிடம்கூட அவர் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

"சொன்னன் தம்பி. அண்டைக்கு நீங்க என்ர வீட்ட வந்திருந்தீங்க. வீட்ட வந்தவரோட நான் வழக்குப் பேசுறல்ல. இண்டைக்கு நான் உங்கட கந்தோருக்கு வந்திரிக்கன். இப்ப சொல்றன். படங்கு பம்பரையும்தான் மூடினது. பம்பருக்கு ஒண்டும் ஆகல்ல. என்ர பிழை இல்ல."

உத்தியோகத்தர் சற்றுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பிடியே எழுதட்டா ஐயா?" என்று கேட்டார்.

"அப்பிடியே எழுதுங்க."

அதற்குப் பிறகும் கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்த்தார். கேள்விகள் வந்தன, படங்கள் கேட்டார்கள், இடையில் நீண்ட மௌனமும் வந்தது. வாரந்தோறும் நான் கிளைக்குப் போய் வந்தேன். கடைசியில் ‘நல்லெண்ண அடிப்படையில்’ திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். பிழை தங்களுடையது என்று எழுதவில்லை. அதற்காக நான் நிற்கவில்லை. நான் பிடிவாதமாக நின்றது திருத்தும் முறையில்.

"மேலால அடிச்சா நல்லாப் பளபளக்கும் மிஸ்."

"பளபளப்பு வேணாம் சேர். இரும்பு தெரியுமட்டும் சுரண்டி, அடிப்பூச்சிலயிருந்து தொடங்குங்க. கதவும் சேர்த்து. சுரண்டின அண்டைக்கு நான் வந்து பாப்பன்."

போய்ப் பார்த்தேன். கூரை வெறும் இரும்பாக, மங்கிய வெள்ளிபோல நின்றது. ஒரு மூலையில் மட்டும் துரு தொடங்கியிருந்தது. அதையும் தேய்க்கச் சொன்னேன், தேய்த்தார்கள். கிரான்காரரின் வான் எங்களுடையதற்கு அடுத்த முறையில் உள்ளே போனது.

ஐப்பசி மழைக்கு முன் வான் வீடு வந்தது. பம்பரை அவர்கள் தொடவில்லை. அதனால் வான் முழுவதும் புதிய வெள்ளை, பம்பர் மட்டும் பழைய, சற்றுப் பழுத்த வெள்ளை. அதையும் அடித்துத் தரக் கேட்போமா என்றேன். அப்பா மறுத்துவிட்டார். "அது நமக்குச் சாட்சி சொன்னது. இருக்கட்டும்."

மத்தியானம் படங்கை எடுத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். அடியில் காற்றுப் போக, இரண்டு தடியை ஊன்றி உயர்த்திக் கட்டச் சொன்னேன். படங்கு குற்றவாளி இல்லைதான். ஆனாலும் அது ஈரத்தைப் பிடித்து வைத்தால் இரும்புக்கு ஆகாது.

முதல் மழை பெய்த காலையில் வேலைக்குப் போகும் வழியில் பாடசாலைப் பக்கம் திரும்பினேன். வாகை மரத்தடியில் வான் இல்லை. வாசலுக்கு நேர் முன்னால் நின்றது. அப்பா குடையை விரித்துக்கொண்டு கதவுப் பக்கம் நின்றார்.

"வானுக்குப் பல்லு மட்டும் மஞ்சளா இரிக்கு" என்று பம்பரைக் காட்டி ஒரு பிள்ளை சொன்னாள்.

"நீ விளக்கினியா இண்டைக்கு?" என்று கேட்டார் அப்பா.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குள் ஓடினாள்.