கௌரி வாசித்த காதல் கதைகள்

போன மாதம் ஒரு மரண அறிவித்தல் எழுதினேன்.

பத்தி எழுதுகிறவள் என்று பெயர் எடுத்தால் இந்த வேலையும் சேர்ந்து வந்துவிடும் போலிருக்கிறது. ஒஸ்லோவில் நம்மவர் யாராவது கண்ணை மூடினால், மலர் வளையத்துக்குச் சொல்வதற்கு முன் எனக்குப் போன் வந்துவிடும். ஒருக்கா வந்து எழுதித் தாங்கோ என்பார்கள். எழுத என்ன இருக்கிறது அதில்? அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்பு மாமனாரும்… பெயர்களை அடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த அடுக்கலில்தான் குடும்பங்கள் அடிபடுகின்றன. யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, யாரை விடுவது? வானொலியில் வாசிப்பார்கள், இணையத்தில் போடுவார்கள், ஊர்ப் பேப்பருக்கும் போகும். சண்டையால் ஊருக்குப் போகிற பாதை பூட்டிக் கிடக்கிற இந்த நாட்களில் ஊர்ச்சனம் எங்களைப் பார்ப்பதே அந்தப் பெட்டிச் செய்தியில்தான்.

இம்முறை இறந்தவர் குலேந்திரன், ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருந்தவர். மாரடைப்பு. போன் எடுத்தவள் அவருடைய மனைவி கௌரி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று கேட்டு எனக்குப் போன் எடுக்காதீர்கள்.)

கௌரியும் நானும் சுரங்க ரயில் சிநேகிதிகள். காலையில் ஒரே பெட்டி. அவளுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஆனால் நான் முதலில் கவனித்தது அவளை அல்ல, அவள் கையில் இருந்த புத்தகத்தை. அட்டையில் ஒரு கறுப்பின ஆண் — சட்டை இல்லை. அவன் நெஞ்சில் சாய்ந்தபடி சிவப்பு உடுப்பில் ஒரு கறுப்பினப் பெண். எதிர் இருக்கை நோர்வேஜியர் தன் பேப்பருக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தார். கௌரி நெற்றியில் பொட்டும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக ஆறுதலாகப் பக்கத்தைப் புரட்டினாள்.

ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் அவள். நோர்வேஜியன் வேலைக்கு, தமிழ் வீட்டுக்கு, ஆங்கிலம் தனக்கு என்று பங்கு பிரித்து வைத்திருந்தாள். அந்த ஆங்கிலத்தில் அவள் வாசித்ததெல்லாம் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் எழுதிய இக்காலக் காதல் நாவல்கள். நூலகத்தில் இருந்த அத்தனையையும் முடித்துவிட்டு, வேறு நகரங்களிலிருந்தும் வரவழைத்து வாசித்தாள். நான் மூக்கைச் சுளித்தேன். இலக்கியம் வாசிக்கிற ஆள் அல்லவா நான்! அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அவளுடைய அபிப்பிராயங்கள் இருக்கிறதே… அதைக் கேட்பதற்காகவே நான் அந்தப் பெட்டியில் ஏறத் தொடங்கினேன்.

கதாநாயகிகளை அவளுக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் ஒரு தொழில் இருக்கிறது. ஒருத்தி வக்கீல், ஒருத்தி சலூன் வைத்திருக்கிறாள், ஒருத்தி கேக் செய்து விற்கிறாள். காதல் வந்தாலும் வேலைக்கு லீவு போடுவதில்லை. ஆண்கள்தான் அவளுக்குச் சந்தேகம். நல்லவன், பணக்காரன், போதாததற்குச் சமைக்கவும் செய்கிறான்! அப்படி ஒருவனைத் தான் கண்டதில்லை, நோர்வேயிலும் காணவில்லை என்பாள். இருவருக்கும் நடுவில் வருகிற சண்டை பற்றியும் குறை உண்டு. ஒருவர் மற்றவருக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டால் நூறு பக்கம் மிச்சம். எடுக்கமாட்டார்கள்.

தலைமயிர் பற்றி அவ்வளவு எழுதுகிறார்களாம். இரவில் பட்டுத்துணி கட்டிப் படுப்பதை ஒருத்தி புருஷனுக்கு முதன்முதல் காட்டுகிற இடத்தை வாசித்துவிட்டு, நம் எழுத்தாளர்கள் யாராவது ஒரு பெண் எண்ணெய்த் தலையோடு நிற்பதைக் காதலோடு எழுதியிருக்கிறார்களா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

நிறம்? அங்கேதான் அவள் கண் கூர்மை. தோலைச் சொல்ல சொக்லேட், கோப்பி, தேன், கருப்பட்டி என்று ஒரு கடையே விரிக்கிறார்கள், வாசித்தால் பசிக்கிறது என்று சிரித்தாள். கறுப்பை அழகு என்று எழுதுவதைத் தன் வாழ்நாளில் இந்தப் புத்தகங்களில்தான் முதன்முதல் வாசித்தாளாம். பத்துப் பதினைந்து புத்தகம் போனபிறகு முகம் மாறிவிட்டது. கதாநாயகி எப்போதும் தேன் நிறம், அவளுக்குப் புத்தி சொல்கிற சிநேகிதிதான் சொக்லேட் நிறம் என்று கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் கலியாணத் தரகர் சொல்கிற, கறுப்புமில்லாத வெள்ளையுமில்லாத பொதுநிறம்தான் அங்கேயும் விலைப்படுகிறது.

ஆனாலும் ஏன் விடாமல் வாசிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அக்கா, எங்கட ஆக்கள் கதை எழுதினால் ஷெல் விழும். விழுந்ததுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அந்தப் பொம்பிளையளும் படாத பாடு பட்டவை. ஆனால் அவையளை ஆரோ காதலிக்க விட்டிருக்கினம்."

அது முழுக் காரணம் இல்லை. முழுக் காரணத்தைப் போன மாரிகாலத்தில் சொன்னாள்.

கௌரிக்கு ஒரே மகள், சிந்துஜா. இங்கேயே பிறந்து, படித்து, மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறவள். மூன்று வருடத்துக்கு முன் லமின் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்தாள். பெற்றோர் காம்பியாவிலிருந்து வந்தவர்கள். அவனும் ஒஸ்லோவில் பிறந்தவன். எலெக்ட்ரீஷியன். குடி இல்லை, சிகரெட் இல்லை. கறுப்பன். அது ஒன்று போதாதா?

மகள் பதிவெழுதிய அன்று காலை குலேந்திரன் தலைமுழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை. செத்தவீட்டுக்குப் போய்வந்த மாதிரி, அம்மருட் ஃபிளாட்டின் குளியலறையில் உடுத்த சாரத்தோடு ஷவருக்குக் கீழே நின்று, எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லித் தலைமுழுகினார். "துவாய் எடுத்துக் குடுத்தது நான்தான், அக்கா" என்றாள் கௌரி.

அதன்பிறகு மகள் பெயர் அந்த வீட்டில் எழவில்லை. தாய் நூலகத்துக்குப் போனாள். மகள் எப்படிப்பட்ட ஆட்களிடம் போயிருக்கிறாள், அந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள், மாமி எப்படி நடத்துவாள், புருஷன் அடிப்பானா, அணைப்பானா… இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். யாரைக் கேட்பது? அமெரிக்கக் காதல் கதைகளைக் கேட்டாள்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அறிவித்தலுக்கு வருவோம். அம்மருட் வீட்டு வரவேற்பறை நிறையச் சனம். சோஃபாவின் நடுவில் குலேந்திரனின் தமையன், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கிற பெரியவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தந்தையும் என்ற இடம் வந்தது. சிந்துஜா என்று எழுதினேன். பெரியவர் தொண்டையைச் செருமினார், விட்டுவிட்டார். மாமனாரும் என்ற இடம் வந்தது. அது வேண்டாம் என்றார்.

லமின் என்று போடுங்கோ அக்கா என்றாள் கௌரி.

பெரியவர் கோபப்படவில்லை. நியாயம்தான் பேசினார். தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இன்னும் கலியாணப் பேச்சுக்கால் முடியவில்லை, ஊரில் நாலு பேர் வாசிக்கிற பேப்பர்… நடுவில் கறுப்பினத்தவரைக் குறிக்க நம் வீடுகளில் புழங்குகிற அந்தச் சொல்லையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வளவில் கறுப்பர் என்று கூப்பிட்டால் மட்டும் தலைமையாசிரியருக்கு முறைப்பாடு எழுத ஓடுவோம். நானே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

பிறகு பெரியவருக்கு ஒரு யோசனை வந்தது. என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். "தங்கச்சி, லமின் எண்டு வேண்டாம். லோகன் எண்டு போடுங்கோ. ஊரிலை ஆருக்குத் தெரியப்போகுது?"

இரண்டொரு தலைகள் ஆடின. நல்ல யோசனைதான் என்று ஒரு குரல்கூட வந்தது. சத்தியமாக.

கௌரி அதுவரை சுவரில் சாய்ந்து இருந்தவள், நிமிர்ந்தாள். "அத்தான், பேரை மாத்திக்கொண்டு வந்தது நாங்கள். அவன் இஞ்சை பிறந்தவன்."

பெரியவர் எந்தப் பெயரில், எந்தப் பாஸ்போர்ட்டில் ஃபோர்னபு விமான நிலையத்தில் இறங்கினார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் லமின் என்று எழுதினேன். எழுத்து இவ்வளவு சந்தோஷமாக எனக்கு வந்து கனகாலம்.

தாய் வென்றுவிட்டாள் என்று நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

மகளுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொன்னது கௌரிதான். சரி என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டாளாம். அதனால் அறிவித்தலை அனுப்புமுன் நேரில் காட்ட வேண்டும், நீங்களும் வாங்கோ என்றாள் கௌரி. அடுத்த நாள் மத்தியானம் சென்ட்ரலில் ரயில் மாறி, மகள் இருக்கிற ஹவுகெட்டோவில் இறங்கினோம். வழி முழுக்க அவள் அந்தத் தாளை மடிக்காமல் கையில் பிடித்திருந்தாள். மகளின் வீட்டு மணியை அன்றுதான் முதன்முதல் அடித்தாள்.

லமின் கதவைத் திறந்தான். நோர்வேஜியனில் துக்கம் சொல்லி, கௌரியின் கோட்டை வாங்கி மாட்டினான். தேத்தண்ணி வைத்தான். வீட்டில் கறித்தூள் மணம். சுவரில் பதிவுத் திருமணப் படம். அதில் சிந்துஜா கட்டியிருந்த கூறைச் சேலை, வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாமல் அவளே கடையில் வாங்கியது என்று பிறகு தெரிந்தது.

சிந்துஜா தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். தன் பெயரில் விரல் நின்றது. லமின் பெயரில் நின்றது. கௌரி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பெயரையும் எடுத்துவிடுங்கோ என்றாள் மகள்.

கௌரிக்கு விளங்கவில்லை. பெரியப்பாவோடு சண்டை பிடித்துப் போட்டது என்றாள். சிந்துஜா சத்தம் வைக்கவில்லை. உயிரோடு இருக்கும்போது தனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்ன மனிதர், செத்தபிறகு அவருக்குப் பிள்ளை எதற்கு என்றாள். அவர் விருப்பப்படியே போகட்டும் என்றாள்.

அப்போதுதான் கௌரி அந்தப் பிழையை விட்டாள். மகளை எப்படியாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்ற பதற்றத்தில், தான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை, இவருடைய ஆக்களைப் பற்றி எவ்வளவு வாசித்தேன் தெரியுமா என்று அந்த நாவல்களைச் சொல்லத் தொடங்கினாள். அட்லாண்டா, சிக்காகோ, அங்கத்தைய தேவாலயம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு… மகள் அதை லமினுக்கு நோர்வேஜியனில் சொன்னாள். அவன் தாயும் தகப்பனும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள். அவன் அமெரிக்காவைக் கண்டதில்லை. அவன் சிரிக்கவில்லை, தலை குனிந்துகொண்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

சிந்துஜா தாயைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, மூண்டு வருஷமா நீங்கள் எங்களைப் பற்றிப் புத்தகத்திலை வாசிச்சிருக்கிறீங்கள். நாங்கள் ஹவுகெட்டோவிலை இருந்தனாங்கள்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. விவரம் சொல்வதுபோலச் சொன்னாள். கௌரி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். லமின் கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

அன்று பின்னேரம் மாற்றி எழுதினேன். பாசமிகு தந்தையும் என்ற வரியையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. பிள்ளையே பிறக்காத மனிதராக வானொலியிலும் பேப்பரிலும் போனார் குலேந்திரன். பெரியவருக்கு நல்ல திருப்தி. கடைசியில் பிள்ளைக்கே புத்தி வந்துவிட்டது என்று எனக்குப் போனில் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். இந்தப் பத்தியை வாசித்தால் தன்னை அடையாளம் கண்டுகொள்வார். காணட்டும்.

இறுதிக் கிரியைக்குச் சிந்துஜா வரவில்லை. முன்வரிசையில் கௌரிக்குப் பக்கத்து நாற்காலி வெறுமையாக இருந்தது. யாரையும் அதில் இருக்க அவள் விடவில்லை.

போன திங்கள் அவள் மறுபடி வேலைக்கு வந்தாள். அதே பெட்டி, மடியில் சாப்பாட்டுப் பை, கை வெறும் கை. பக்கத்தில் போய் இருந்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல், புதிதாக ஒன்றும் வாசிக்கவில்லையா என்று கேட்டு வைத்தேன். மடத்தனமான கேள்வி. ஆனால் அவள் அதற்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தாள்.

"அதெல்லாம் இனி ஏலாது அக்கா. அந்தப் புத்தகங்களிலை தாய்மார் நேரத்துக்கு வந்து சேர்ந்திடினம்."

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு தன் தரிப்பிடத்தில் இறங்கிப் போனாள்.

இந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருக்கிறவர்களில், பிள்ளையோடு கதைக்காமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எழும்புங்கள், கோட்டைப் போடுங்கள் — வாசித்தது போதும்.