நைட்டி இல்லை, கவுன்

அடையாறில் நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டால் அது வெளியே போகும் உடை ஆகிவிடுகிறது. பால் வாங்கலாம், மருந்துக்கடைக்குப் போகலாம், பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றலாம். மலேசியாவில், என் ஊரான ஈப்போவில் இருப்பவர்கள் சிரிக்காதீர்கள். வந்த புதிதில் நானும் சிரித்தவள்தான். இப்போது என் கவலை வேறு. நான் ஆசையாகத் தைக்கும் கவுனையும் இந்தத் தெரு நைட்டி என்றே நினைக்கிறது.

அது ஐம்பதுகளின் பாணிக் கவுன். இறுக்கமான இடுப்பு, முழுவட்டப் பாவாடை, சின்னக் காலர். ஈப்போவில் என் பள்ளித்தோழி லெச்சுமியும் நானும் பழுப்புத்தாளில் வரைந்து வெட்டிய பேட்டர்ன். கல்யாணமாகிச் சென்னைக்கு வரும்போது நகைக்கு முன்னால் அந்தத் தாளைத்தான் பெட்டியில் வைத்தேன்.

தி.நகரில் புள்ளி போட்ட காட்டன் எடுத்து, வீட்டிலேயே வெட்டித் தைத்தேன். வேலை அடி ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. வட்டப் பாவாடையை ஒருநாள் தொங்கவிட்டால் துணி அங்கங்கே இறங்கிவிடும். பிறகு அதை உடுத்திக்கொண்டு நேராக நிற்க வேண்டும். இன்னொருவர் தரையிலிருந்து அளந்து சுற்றிலும் சாக்பீஸ் கோடு போட வேண்டும். நானே குனிந்தால் ஒரு பக்கம் ஏறிவிடும். ஈப்போவில் எனக்கு லெச்சுமி போடுவாள், அவளுக்கு நான். "ஆடாதே லா!" என்று முழங்காலில் தட்டுவாள். இங்கே கணவருக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வர மாதங்கள் ஆகும். மாடி வீடுகளில் புன்னகைப்பவர்கள் உண்டு. என் காலடியில் வந்து உட்காருங்கள் என்று கேட்கும் அளவுக்கு யாரும் இல்லை. கவுன் ஜன்னல் கம்பியில் வாரக்கணக்கில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வந்தது.

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா ஒரு காலை அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, நைட்டி தொங்கிக்கினே கீது?"

"நைட்டி இல்லைக்கா, கவுன். கீழே கோடு போட ஆள் இல்லை."

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற? கதவத் தொற. போய் நைட்டியப் போட்டுக்கினு வா."

சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் கொடுத்த ஸ்கேலை நிறுத்தி, கோடு போட்டபடியே என்னைச் சுற்றி நகர்ந்தாள். நடுவில், "ஆடாம நில்லு!" என்று முழங்காலில் ஒரு தட்டு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்தால் கோடு கோணலாகிவிடும் என்று அப்படியே நின்றேன்.

அன்றே மடித்துத் தைத்து, படம் எடுத்து லெச்சுமிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"கோடு யாருடி போட்டா?"

"இங்கே ஒரு அக்கா."

படத்தில் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள். "நேராத்தான் இருக்கு," என்றாள் பிறகு.

மறுநாள் காலை கவுனை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினேன். "துப்பட்டா எங்க?" என்று கன்னியம்மா அதட்டினாள். திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். பால் வாங்கி வரும்வரை ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லெச்சுமி வரைந்த காலர் துப்பட்டாவுக்குள் மறைந்திருந்தது. கன்னியம்மா கோடு போட்ட ஓரத்திலிருந்து லேசாக மீன் வாசம் வந்தது.