மீன் தண்ணீர் மல்லி

திருவொற்றியூர் நர்சரியில், பூத்திருந்த நான்காவது குண்டுமல்லிச் செடியையும் இன்று முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தேன். நான் தேடிய வாசனை அதிலும் இல்லை.

எங்கள் வீடு கடலோரக் குப்பத்தில் இருந்தது. இன்று அங்கே அலையும் தடுப்புக் கல்லும்தான். வாசலில் ஒரே ஒரு மல்லிச் செடி. தை பிறந்ததும் அம்மா அதைக் கவாத்து செய்து, இலைகளை உருவிவிட்டு, மீன் கழுவிய தண்ணீரைத் தினமும் வேரில் ஊற்றுவாள். பங்குனியில் கிளை தெரியாமல் அரும்பு கட்டும். மீன் விற்றுத் திரும்பி, கூடையை இறக்கிய கையோடு அவள் கட்டி என் தலையில் வைக்கும் சரத்தில் மல்லியும் கவுச்சியும் பிரிக்க முடியாதபடி மணக்கும். மல்லியின் மணமே அதுதான் என்று நம்பி வளர்ந்தேன்.

அம்மா இறந்தபின் மணலி வீட்டுத் தொட்டியில் நானும் தையில் வெட்டி, மீன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பூக்கிறது, வெறும் மல்லியாக மணக்கிறது. செடி வேறு ரகமோ, தண்ணீர் போதவில்லையோ, ஒன்றும் புரியவில்லை.

இதைச் சொன்னதும் நர்சரிக்காரப் பெண் சிரித்தாள். "இன்னாக்கா நீ, பூவு எங்கனா கவுச்சி அடிக்குமா? கட்டுன கைல அட்ச்சிருக்கும்."

ஐந்தாவது செடி என் கையில் இருந்தது. வாங்குவதா, திரும்ப வைப்பதா என்று தெரியாமல் நின்றேன். செடியைத்தான் தேடுகிறேன் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.