ஆலங்கட்டிக்கு முந்திய அறுவடை

கெரேத்தாரோ மேட்டுநிலத்துக்குத் திராட்சை வருவதற்கு முன்பு கசில்தா அங்கே பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். கொடி நட்ட முதல் வருடமே கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றாள். பதினாலு வருடத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு மேஸ்திரியானாள். அந்த ஊர்த் திராட்சைக்கு ஒரு சாபம் உண்டு. பழத்தில் சர்க்கரை ஏறும் நேரம் பார்த்துத்தான் மழைக்காலமும் வந்து சேரும்.

அந்த ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் தொர்த்தியா ரொட்டியைச் சுருட்டி வாயில் வைக்கப் போனவள் அப்படியே நிறுத்தினாள். பெர்னால் பாறைக்குப் பின்னால் மேகம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் கறுப்பு. அதற்கு மேலே பழுத்த காயம் போல ஒரு பச்சை. இரண்டு வருடத்துக்கு முன் கீழ்த்தோட்டத்தை அடித்து நொறுக்கியதும் இதே பச்சைதான்.

தோட்டத்துக்குப் பொறுப்பான, நகரத்திலிருந்த வேளாண் இஞ்சினியர் பல்தசாருக்குப் போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு குலையைக்கூடத் தொடாத. சிவப்பு ஒயினுக்கு இந்தச் சர்க்கரை பத்தாது."

"வெள்ளிக்கிழமை குலை இருக்காதுங்க. ஆலங்கட்டி வருது."

"உனக்கு எல்லா மேகமும் ஆலங்கட்டிதான்!" இணைப்பு அறுந்தது. மறுபடி இரண்டு தடவை அடித்தாள். எடுக்கவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள்.

"எந்திரிங்கடி. பெட்டிய எடுங்க. முப்பது வரிசையும் வெட்டணும்."

நாத்தனார் ஒத்திலியா எழுந்திருக்கவில்லை. "மேகம் வேற பக்கம் போச்சுன்னா? அந்த மனுஷன் நம்ம எல்லாரையும் துரத்திருவான், அண்ணி."

"என்னைத் துரத்தட்டும். நான் சொல்லித்தான் வெட்டினீங்கன்னு சொல்லு."

"அதத்தான் சொல்லப் போறேன்" என்று முணுமுணுத்தபடி ஒத்திலியா பெட்டியைத் தூக்கினாள்.

எல்லோரும் வெட்டத் தொடங்கினார்கள். மூன்று மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. மேகம் வடக்கே நகர்வது போலிருந்தது. ஒத்திலியா கசில்தாவை ஒரு பார்வை பார்த்தாள். வெட்டிய குலையை ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் கசில்தாவின் கை நிற்கவில்லை.

மூன்றே முக்காலுக்குக் காற்று சட்டென்று குளிர்ந்தது. பத்தொன்பதாவது வரிசை முடிந்தபோது முதல் கட்டி அவள் தோளில் விழுந்தது. பெட்டிகளைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டார்கள். ஏழே நிமிடம். மிச்சப் பதினோரு வரிசையில் இலைகூட மிஞ்சவில்லை.

பல்தசார் வரும்போது தரை வெள்ளையாகக் கிடந்தது. பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மென்றார்.

"இதுல சிவப்பு ஒயின் வராது."

"தெரியுங்க."

"புளிப்பு நல்லாருக்கு." இன்னொன்றை வாயில் போட்டார். "நுரை ஒயினுக்குப் போடலாம், அதுக்குப் புளிப்புதான் முக்கியம். ஏன் மறுபடி கூப்பிடல?"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன். எடுத்தீங்களா?"

அவர் போனைப் பார்த்தார். அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தோட்டத்துப் பழம் முழுவதும் நுரை ஒயினுக்கென்றே ஜூலையில் அறுக்கப்பட்டது. நாள் குறிப்பது கசில்தாதான்.

அன்றைக்கு அவர் கிளம்பியதும் கசில்தா நேராக அழிந்துபோன பதினோரு வரிசைப் பக்கம் போனாள். சேற்றில் கிடந்த குலைகளுக்கு நடுவே குந்தி, வாய்விட்டு அழுதாள். ஒத்திலியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தோள்ல ரத்தம் வருது, அண்ணி. வா, துடைக்கிறேன்."