வேகம் ஏற்றிய வெள்ளிக்கிழமை

சென்ற வருடம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டு பக்கம் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் லேப் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முதலாளி புதுப்பட்டினத்து பாய். வாளி, மக் என்று வருஷக்கணக்கில் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டியவர். முதல்முறையாக ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த சரக்கில் இறங்கியிருந்தார். வயதானவர்கள் பிடித்து நடக்கும் வாக்கரின் காலடியில், வழுக்காமல் இருக்க மாட்டும் புஷ். சாயங்காலம் வாடிக்கையாளரின் ஆள் வந்து பார்ப்பார். சரியில்லையென்றால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும்.

காலையிலிருந்து வார்த்ததெல்லாம் மூளி. உருகிய சரக்கு அச்சின் ஓரம்வரை போய்ச் சேரவே இல்லை. மிஷின் ஓட்டுகிற அண்ணன் சூட்டை ஏற்றிக்கொண்டே போனார். வெறும் பிளாஸ்டிக்குக்கு அது சரி, சூடு ஏறினால் இளகி ஓடும். இந்தக் கலவையில் நாற்றம்தான் ஏறியது.

"சூட்டை இறக்கிடலாம் பாய். அச்சுக்குள்ள தள்ளுற வேகத்தை ஏத்தணும்," என்றேன்.

"இன்னாம்மா சொல்றே? அச்சு ஆர்டர் குடுத்தவங்களோடது. வேகத்துல அடிச்சு கெட்டுப் பூட்டா நான் எங்க போவேன்?"

அவர் பயம் நியாயம்தான். நானும் விடுவதாக இல்லை. சரக்கை உருக்கி, மேலே எடை வைத்து, சிறு துளை வழியே தள்ளிப் பார்க்கும் கருவி லேபில் இருந்தது. அவரை அங்கே இழுத்துப் போனேன். சூட்டைக் கூட்டினேன், பெரிய மாற்றமில்லை. பழைய சூட்டுக்கே இறக்கி, எடையை இரட்டிப்பாக்கினேன். ஒழுகல் இரட்டிப்பாகவில்லை, பல மடங்காகிச் சரசரவென்று இறங்கியது. தக்காளி சாஸ் பாட்டிலைச் சும்மா கவிழ்த்தால் அசையாது, ஓங்கித் தட்டினால் கொட்டும், அதே கதைதான்: இந்தச் சரக்கை வேகமாகத் தள்ளினால்தான் இளகும்.

பாய் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தார். "சரி, நீயே போடு. கெட்டா என் பொறுப்பு," என்றார். ஜும்மா தொழுகைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேகத்தை ஏற்றி அடித்தோம். புஷ் முழுதாக வந்தது, ஆனால் ஓரத்தில் கருகல்.

"மேடம், பேஜாராப் பூடும் போல கீது. பழையபடியே வச்சிடலாமா?" என்றார் அண்ணன்.

வேண்டாமென்று கருகிய ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். காரணம் புரிந்தது. வேகமாகப் பாய்ந்த சரக்கு, உள்ளே இருந்த காற்றை மூலையில் மடக்கி நசுக்கியிருக்கிறது. நசுங்கிய காற்று சூடேறி, அதில்தான் ஓரம் பொசுங்கியிருக்கிறது. அச்சைத் திறந்தால், காற்று வெளியேறும் வழியை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தோம். ஓரம் மழுங்காமல், கருகாமல், பளிச்சென்று வந்து விழுந்தது புஷ். சந்தோஷத்தில் ஓவென்று கத்திவிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் அதை வளைத்து, முறுக்கி, ஈரத் தரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆர்டரை உறுதி செய்தார். அவர் போனபிறகு, ஜும்மாவுக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் கிளம்பினீர்கள் என்று பாயைக் கேட்டேன்.

"நான் பக்கத்துல நின்னுகினு இருந்தா உனக்கு வேலை ஓடாது. அதான் போயிட்டேன். பள்ளிவாசல்ல உக்காந்துகினு கீறேன், கண்ணு முன்னாடி அச்சுதாம்மா நிக்குது. அல்லாகிட்ட இன்னா கேட்டேன்னே ஞாபகம் இல்ல."

நான் சொன்னது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் யாரிடமாவது ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கக் கால் பரபரக்கும்போதெல்லாம் நான் டீ குடிக்கப் போய்விடுகிறேன்; அந்த டீ இனித்ததா என்று ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை.