கொள்ளிடம் பாலமும் ஒரு ஓட்டைக் காலணாவும்

சிதம்பரம் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு, பிச்சாவரத்தில் படகேறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே இன்னும் ஆறேழு கிலோமீட்டர் போனால் கொள்ளிடம் ரயில் பாலம். அதைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பாலம் என்றால் 1962 ஆடி மாதம்தான்.

என் சிநேகிதன் யூசுப் பரங்கிப்பேட்டைக்காரன். பள்ளியில் ஒரே பெஞ்சு. அவனுக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை கிடைத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குள் நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஆஜராகாவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், வேலையும் போச்சு. வழியனுப்ப நானும் கிளம்பினேன். திருப்பாதிரிப்புலியூரில் காலை 6.50க்கு நான் ஏறினேன். எட்டேகாலுக்குப் பரங்கிப்பேட்டையில் அவன் ஏறினான். அவன் மகளுக்கு முந்தின நாள்தான் பிறந்து நாற்பது நாள் முடிந்திருந்தது. ஜன்னல் வழியே குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தவன், ஸ்டேஷன் மறையும்வரை பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

8.55க்கு வல்லம்படுகையில் வண்டி நின்றது. கொள்ளிடத்தில் வெள்ளம். வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் அது. இந்தக் கரை தென்னார்க்காடு, அந்தக் கரை தஞ்சாவூர் ஜில்லா. பாலம் வருவதற்கு முன் வெள்ளக் காலத்தில் ஓடக்காரன் மனம் வைத்தால்தான் அக்கரை. ஆற்றைத் தாண்டும்போது ஜன்னல் வழியே காசு போட்டுக் கும்பிடுவது எல்லா ஊர்க்காரர்களுக்கும் வழக்கம். பரங்கிப்பேட்டையிலிருந்து கப்பலேறப் போகிறவர்களும் போடுவார்கள்.

சும்மா இருக்க என்னால் முடியுமா? ஸ்டேஷன் மாஸ்டரிடம் நாலு தடவை போனேன்.

"பாலத்தை நடந்து பாத்தாதான் சார் வண்டிய வுடுவோம். மத்தியானம் ஒரு மணி ஆவும்" என்றார்.

தண்டவாளத்தோரம் ஓடினேன். பாலத்தின் தலைமாட்டில் குடையோடு நின்றிருந்த ரயில்பாதை இன்ஸ்பெக்டரிடம் கப்பல் கதையைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷன். டீயைக்கூடக் குடிக்காமல் கேங்மேன்களைக் கூட்டிக்கொண்டு அப்போதே பாலத்தை நடந்து பார்க்கப் போய்விட்டார். 10.40க்குப் பச்சைக்கொடி. பெட்டியே எனக்குச் சபாஷ் போட்டது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

வண்டி நடைவேகத்தில் பாலத்தில் ஏறியது. கீழே செம்மண் தண்ணீர், கம்பிகளெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கின. எல்லோரும் காசு எறிந்தார்கள். யூசுப் மட்டும் ஒரு ஓட்டைக் காலணாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"உன்ன யாரு மச்சான் ஓடச் சொன்னது? கப்பல் போயிட்டா புள்ளயோட இருந்துடலாம்னு அல்லாகிட்ட கேட்டுக்கினு இருந்தேன்."

அவன் காலணாவை என் சட்டைப் பையில் போட்டான்.

"இத வெச்சிரு. திரும்பி வரப்பதான் போடுவேன்."

மூன்றரை மணிக்கெல்லாம் நாகப்பட்டினம் போய்விட்டோம். ஒன்றரை மணி நேரம் மிச்சம்! அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1967இல் அவன் திரும்பினான். நானும் அவன் மகள் சபீராவும் நாகப்பட்டினம் போய் அழைத்து வந்தோம். ரயிலில் அவள் என் மடியை விட்டு இறங்கவே இல்லை. அவன் கொடுத்த பொம்மையையும் என்னிடம்தான் வைக்கச் சொன்னாள். கொள்ளிடம் வந்ததும் காலணாவை எடுத்து யூசுப்பிடம் கொடுத்தேன். அவன் அதைச் சபீராவின் கையில் வைத்தான். அவள் ஆசையாக எறிந்தாள். பிறகு என் காதருகே வந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டாள்:

"மாமா, இவுங்க எப்ப அவுங்க ஊருக்குப் போவாங்க?"

யூசுப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் அதற்கப்புறம் அவன் கப்பலேறவே இல்லை. பரங்கிப்பேட்டையிலேயே அரிசிக் கடை வைத்தான். அவள் அவனை வாப்பா என்று கூப்பிட ஐந்து மாதம் ஆனது.

பாலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஏசி பெட்டி வேண்டாம், ஜன்னல் திறக்காது. காலை பாசஞ்சரில் ஏறுங்கள். ஆடி, ஆவணியில் போனால் தண்ணீர் பார்க்கலாம். சில்லறை கையிலிருக்கட்டும். வண்டி எங்காவது நின்றுவிட்டால் என்னைப் போல ஓடாதீர்கள். பக்கத்தில் இருப்பவனிடம், "உனக்குப் போகணுமா?" என்று முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்.