யோகராணியின் நீச்சலுடை

யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்து வந்த இரண்டாம் வருடம், 1991இல், அந்நகரின் பென்ரோஸ் பகுதியில் நீச்சலுடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் யோகராணிக்கு வேலை கிடைத்தது. நாள் முழுக்க இலாஸ்டிக் வைத்துத் தைப்பாள். மெஷினில் வழுக்கி ஓடும் அந்தத் துணி அவளுக்குத் தண்ணீராகவே தோன்றும்.

அந்தக் கோடையில் மிஷன் பே கடற்கரையில், பக்கத்து வீட்டு மதுரைக்காரி பங்கஜம் சேலையோடு நீரில் இறங்கினாள். ஏதோ படகு கிளப்பிய அலை அவளைச் சாய்த்துவிட்டது. ஈரச் சேலை கனக்கக் கரையேறியவள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"தண்ணிக்கு என்னைப் பிடிச்சிருக்கு யோகா. சேலையைத்தான் பிடிக்கலை" என்றாள்.

மறுநாளே யோகராணி சூப்பர்வைசரிடம் கேட்டு மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை வாங்கி வந்தாள். முழங்கைவரை கை, முழங்கால்வரை கால், மேலே குட்டைப் பாவாடை. தைத்து முடித்து, தானே போட்டுக்கொண்டு, குளியல் தொட்டியில் நீர் நிரப்பிப் படுத்தாள். பாவாடை மெல்ல எழுந்து தாமரை இலைபோல விரிந்தது. அழகுதான். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு யார் கடலில் இறங்குவார்கள்?

"இஞ்சேரும், ஒரு மணித்தியாலமா உள்ளுக்க என்ன செய்யிறீர்?" என்று கணவர் இராசநாயகம் கதவைத் தட்டினார்.

"மிதக்கிறன்."

பாவாடை ஓரத்தை உடையின் காலோடு சேர்த்துத் தைத்ததும் அது அடங்கியது. 'மிதவை' என்று பெயர் வைத்தாள்.

குங்கும நிறத்தில் முதல் உடை பங்கஜத்துக்கு. நகரசபை நீச்சல்குளத்தில் அவளைப் பார்த்து ஒரு சமோவா அம்மா தனக்கும் ஒன்று கேட்டார். பிறகு ஃபிஜி டீச்சர் ஒருவர். இரண்டே மாதத்தில் குளோரின் பட்டு எல்லாம் வெளிறிப்போயின. அதுவரை தைத்துக் கொடுத்த பதினாறு உடைகளையும் யோகராணி திரும்ப வாங்கிக்கொண்டாள்.

குளத்து நீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து, பால்கனியில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் துணியை ஊறப்போட்டாள். நீலமும் ஊதாவும் நீருக்குள் புகைபோலச் சுருண்டு கரைந்தன. காலைத் தேநீரை அங்கேயே குடித்தாள்; வேலைக்கு இரண்டு தரம் பிந்தியும் போனாள். ஏழு வாரம் கழித்தும் மூன்று வாளிகள் தெளிந்தே இருந்தன. அந்த மூன்று நிறங்களில்தான் மிதவை வளர்ந்தது.

95இல் வேலையை விட்டு, பென்ரோஸிலேயே பாதிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். ஆறு பெண்கள் தைத்தார்கள். நியூ லின் பகுதிக் கடையொன்றின் கண்ணாடிக்குள் மிதவை தொங்கியது. "உடையில் கையை எடுத்துவிட்டால் ஆயிரம் உடை வாங்குகிறோம்" என்றது ஒரு பெரிய நிறுவனம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்து, இரண்டு நாள் அதையே நினைத்துக் குமைந்தாள்.

99 ஜனவரியில் ஒருநாள் டாக்கபுனா கடற்கரையில் சேலையோடு கணுக்கால் நீரில் நின்றாள். கரும்பச்சை மிதவை உடுத்திய பெண்ணொருத்தி, முன்பின் தெரியாதவள், இவளைப் பார்த்துத் தமிழில் கூப்பிட்டாள்.

"ஏங்க அங்கேயே நிக்கிறீங்க? இந்த மாதிரி டிரஸ் நியூ லின்ல கிடைக்குது. ஒண்ணு வாங்கிக்கோங்க."

"ஓம், பாக்கிறன்" என்றாள் யோகராணி.

அந்தப் பெண் காதுவரை அமிழ்ந்து, மல்லாந்து, ரங்கிட்டோட்டோ தீவின் பக்கம் மெல்ல நகர்ந்து போனாள். மணலில் கழற்றி வைத்த செருப்பை அலை கொண்டுபோனதுகூடத் தெரியாமல் யோகராணி பார்த்துக்கொண்டே நின்றாள்.